உன் வண்டி கள் கேட்டது

அன்பு மருமகன் தே-உக்குக்கு,

உன் அம்மாவின் உடன்பிறந்த தம்பியும், மோட்டார் வண்டியின் உள்ளும் புறமும் அறிந்தவன் என்று இந்த வட்டாரமே ஒப்புக்கொண்ட ஆளுமான உன் தாய்மாமன் ஓக் போங்-தால் கைப்பட எழுதுவது. நான் சுகம், உன் அம்மா சுகம், நாய் சுகம், மலைச்சரிவில் ஆப்பிள் காய்ப்பு கிளை தாங்காத அளவு. லிபியா பாலைவனத்து வெயில் உன்னை ரொம்பவும் வாட்டக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வாட்டினாலும் தாங்கிக்கொள். நான் ராணுவத்தில் இருந்தபோது, மீசையில் பனி உறைந்து தொங்கத் தொங்க, தளபதியின் ஜீப்பை ஓட்டியவன். உன் அம்மாவைக் கேட்டால் ஓட்டவில்லை, கழுவினான் என்பாள். ஒரு வண்டியின் அந்தரங்கம் அதைக் கழுவுகிறவனுக்குத்தான் தெரியும் என்பதை அவளுக்கு இன்றுவரை புரியவைக்க முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று என்று அங்கே மணலில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருப்பாய். நடக்காதே, உட்கார். வரிசையாகத்தான் சொல்வேன், நடுவில் தாவிக் கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே.

உன் ஜங்-இம்மின் அப்பா குவோன் பெரியவர் எப்படிப்பட்டவர் என்று உனக்கே தெரியும். ஆந்தோங் ஊர்க்காரர், அதிலும் குவோன் குலம், அதிலும் தொப்பியைக் கழற்றாமல் சிரிக்காமல் ஆயுளைக் கழித்தவர். போன வசந்தத்தில் அந்த மருந்துக்கடைக்காரன் வீட்டார் பெண் கேட்டு விருந்துக்கு வந்தபோது, சூப்பு ஆறும்வரை காத்திருந்துவிட்டு, அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனாராம். “சாப்பாட்டுக்கே நேரத்துக்கு வராதவன் வாழ்க்கைக்கு என்னத்த வரப் போறான்” என்றாராம். அந்த வரன் அத்தோடு முடிந்தது. அப்படிப்பட்டவர் நம்மை ஆந்தோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நண்பகலில் வரச் சொல்லியிருந்தார், இரு வீட்டாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, பிடித்திருந்தால் நாள் குறிக்க. உன் அப்பா இல்லாத வீட்டுக்கு மூத்த ஆண் நான். ஆக, உன் வாழ்க்கை முழுவதும் அன்று என் கையில்.

உன் அம்மா பஸ்ஸில் போகலாம் என்றாள். நீயே சொல், புது வண்டி முற்றத்தில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்க, மாப்பிள்ளை வீட்டார் கோழிக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போய் இறங்குவதா? அதுவுமில்லாமல், ஓடாத வண்டி கெட்டுப்போகும். கால் மடக்கியே உட்கார்ந்திருந்தால் மனுஷனுக்கு மரத்துப்போகிறதே, அது மாதிரி. உன் வண்டியின் ஆரோக்கியத்தை உத்தேசித்துச் சாவியை எடுத்தேன். உன் அம்மா பட்டு உடுத்தி, தலையை வாரி, பின் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். ராணி வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தாள் என்பது வேறு விஷயம்.

மலைப்பாதை ஆரம்பித்ததுமே ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒன்று எரிந்தது.

“டேய் போங்-தால், அது என்னடா செவப்பா?”

“எது?”

“உன் மூக்குக்கு முன்னாடி எரியுதே, அது.”

“ஓ, அதுவா. வண்டி நல்லா சூடு புடிச்சிருச்சுன்னு அர்த்தம்க்கா.”

“நல்லதுன்னா பச்சையா எரியாது? செவப்பா எரியறது எங்கடா நல்லதுக்கு எரிஞ்சிருக்கு?”

உன் அம்மாவுக்கு வாகன அறிவு கம்மி. ஆனால் நான் உற்றுப் பார்த்தேன், மருமகனே, பார்த்ததும் உடம்பு புல்லரித்தது. அந்த விளக்கில் ஒரு படம். கைப்பிடி வைத்த ஒரு கெண்டி. நீளமான மூக்கு. மூக்கு நுனியில் ஒரு சொட்டு. நம் ஊர்க் கடையில் அரிசியில் புளிக்கவைத்த கள்ளை ஊற்றித் தருகிற அலுமினியக் கெண்டி இருக்கிறதே, அச்சு அசல் அது! கொரியாவில் பிறந்த எவனுக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. புது வண்டிக்குப் படையல் போட வேண்டும், நீ இந்த வண்டியை வாங்கிய அன்று என்ன செய்தாய்? பன்றித் தலை வைத்தாயா? நாலு சக்கரத்துக்கும் கள் ஊற்றினாயா? குனிந்து கும்பிட்டாயா? கம்பெனியில் விமானச் சீட்டு கொடுத்துவிட்டார்கள் என்று, கையில் இருந்த சோடா பாட்டிலை எடுத்து முன் சக்கரம் இரண்டுக்கும் தெளித்துவிட்டு ஓடினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பின் சக்கரங்களுக்கு அந்தச் சோடாகூட இல்லை! வண்டி என்ன செய்யும் பாவம், அதற்கு வாயா இருக்கிறது? படம் போட்டுக் கேட்கிறது.

இருந்தாலும் நேரமாகிறதே என்று முதலில் எளிய வைத்தியம்தான் செய்தேன். விரலால் சுண்டினேன். அணையவில்லை. வலிக்காக என் இடுப்பில் ஒட்டியிருந்த மருந்துப் பட்டையில் ஒரு துண்டு கிழித்து விளக்கின் மேல் ஒட்டினேன். உடனே மறைந்தது. ஆனால் உன் அம்மா பின்னாலிருந்து கையை நீட்டிப் பிய்த்துவிட்டாள். “நிறுத்துடா, எறங்கிப் பாரு, தெரிஞ்சவங்களக் கேளு” என்று ஒரே பாட்டு. தெரிந்தவன் நானே ஓட்டும்போது வேறு யாரைக் கேட்பது? அதோடு, நேர் பாதையில் விளக்கு தானாக அணைந்துவிடும், வளைவு வந்தால் மறுபடி எரியும். “பாத்தியா அக்கா, வளைவுல எச்சரிக்கையா போன்னு நமக்குச் சொல்லுது, எவ்வளவு புத்திசாலி வண்டி” என்றேன். அந்த மலையில் வளைவைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

நல்லவேளையாக வழியில் சந்தை கூடும் நாள். கறிச்சோற்றுக் கடை வாசலில் வேகவைத்த பன்றித் தலைகள் ஆவி பறக்க வரிசையாக இருந்தன. கடைக்காரி அவற்றில் எதையோ எடுத்துக் கட்டப் போனாள். “ஏம்மா, இது ஏதோ கடன்காரனப் பாத்த மாதிரி முறைக்குது. சிரிக்கிற தலையா குடு” என்றேன்.

“செத்தப்புறம் எது சிரிக்கும் அண்ணே?”

“அந்தக் கோடியில இருக்கு பாரு. வாய் காது வரைக்கும். அதக் குடு.”

அப்படிப்பட்ட சிரிப்பு நான் எந்த மனுஷ முகத்திலும் கண்டதில்லை. ஒரு கெண்டி நிறையக் கள்ளும், ஒரு கருவாடும், அதைக் கட்ட நூலும் வாங்கினேன். பன்றித் தலையை முன் சீட்டில் வைத்தால் வளைவுக்கு வளைவு என் மேல் சாய்ந்தது. ஆகவே பின்னால் உன் அம்மா மடியில் கொடுத்தேன். கல்யாண வயசில் எடுத்த பட்டாம் அது. அவள் சொன்ன வார்த்தைகளைக் கடிதத்தில் எழுத முடியாது, தபால்காரர் நம் உறவுக்காரர்.

கணவாய் உச்சியில் ஓரமாகச் சமதளம் பார்த்து நிறுத்தினேன். பானெட் மேல் தலையை வைத்தேன். வண்டி உறுமிக்கொண்டிருந்தால் தெய்வம் எப்படிக் குடிக்கும் என்று என்ஜினை அணைத்தேன். கருவாட்டை நூலால் சுற்றிக் கண்ணாடியில் மாட்டினேன். சக்கரங்களுக்குக் கள் ஊற்றினேன், நீ விட்டுப்போன பின் சக்கரங்களுக்குத் தாராளமாக. மூன்று முறை தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டேன். போகிற பஸ்ஸெல்லாம் நின்று பார்த்தன. ஒரு இருநூறு பேராவது கைதட்டியிருப்பார்கள். உன் அம்மா ஒரு பஸ்தான் என்பாள், அதுவும் ஹாரன்தான் அடித்தான் என்பாள். பிறகு சாவியைத் திருப்பினேன். விளக்கு வந்தது, கண்ணைச் சிமிட்டியது, அணைந்தது! அணைந்தே இருந்தது! நான் உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே நீ லிபியாவிலிருந்து வந்திருக்கலாம்.

இறக்கத்தில் முதல் வளைவிலேயே மறுபடி எரிந்தது. இந்த முறை என்ஜினுக்குள் யாரோ கரண்டியால் தட்டுகிற சத்தம் வேறு.

“நேரம் பாத்தியாடா?” என்றாள் உன் அம்மா. குரல் உடைந்திருந்தது. “அந்த மனுஷன் இந்நேரம் செருப்ப மாட்டியிருப்பாரு. மணல்ல வெந்து கெடக்கற புள்ளைக்கு நான் என்னத்தடா எழுதுவேன்? கருவாடு வாங்கப் போயிருந்தோம்னா?”

நான் கலங்கவில்லை. மறுபடி நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். திறந்தால், தே-உக், என்ஜின் தலையில் ஒரு மூடி, மூடியின் மேல் அதே கெண்டி! செய்தவன் எவ்வளவு தெளிவாகப் படம் போட்டு வைத்திருக்கிறான்! வெளியே சக்கரத்துக்கு ஊற்றியது வண்டிக்கு வாயில் படாமல் முகத்தில் தெளித்தது மாதிரி ஆகிவிட்டது. வாய் இங்கே இருக்கிறது. மூடியைத் திருகினேன். கெண்டியைச் சாய்த்தேன். உன் அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துத் தொங்கினாள். அதற்குள் ஒரே ஒரு கிண்ணம்தான் உள்ளே போயிருக்கும். மருமகனே, ஒரு கிண்ணத்தில் எவனுக்கு என்ன ஆகிவிடும்?

அப்போதுதான் கீழேயிருந்து நீல நிற ஆப்பிள் லாரி ஒன்று ஏறி வந்தது. ஓட்டியது யார் என்கிறாய்? உன் ஜங்-இம்! இளஞ்சிவப்புப் பட்டுப் பாவாடையைச் சுருட்டி இடுப்பில் செருகி, காலில் தோட்டத்து ரப்பர் பூட்ஸ். பக்கத்தில் தொப்பியோடு குவோன் பெரியவர். மலையில் நமக்கு விபத்து ஏதும் நேர்ந்ததோ என்று அவள்தான் அப்பாவை வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான் கெண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மூக்கு மட்டும் வெளியே தெரிந்திருக்கிறது.

“அத்தே, உங்களுக்கு அடி ஒண்ணும் இல்லையே?” என்று முதலில் உன் அம்மாவிடம் போய்க் கையைப் பிடித்தாள். பிறகு என்னிடம், “மாமா, ஆயில் விளக்கு எரிஞ்சுதா?”

“லேசா.”

“எங்கேருந்து?”

“இப்பத்தான், அந்த வளைவுல.”

“வீட்ட விட்டுப் பொறப்பட்டு மலை ஏறினதுலேருந்தும்மா” என்றாள் உன் அம்மா. கூடப் பிறந்தவள்!

அந்தப் பெண் என்ஜினுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய கம்பியை உருவினாள். பாவாடைக்குள்ளிருந்து கந்தைத்துணி எடுத்துத் துடைத்தாள், மறுபடி விட்டு உருவினாள். நுனியில் பால் கலந்த காப்பி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். ஊருக்கே பெரிய மனுஷன் நான், அந்தப் பார்வையில் என் காது சிவந்துவிட்டது.

“மாமா, இந்த விளக்கு எரிஞ்சா அடுத்த வளைவு வரைக்கும்கூடப் போகக் கூடாது. ஓரமா நிறுத்தி என்ஜின அணைக்கணும். கொஞ்சம் ஆறவிட்டு, சமதளத்துல, இந்தக் கம்பிய எடுத்துப் பாக்கணும். கொறஞ்சிருந்தா ஆயில் ஊத்தணும். ஆயில், மாமா. ஊத்தினப்புறமும் எரிஞ்சா சாவியத் தொடவே கூடாது, கயிறு கட்டித்தான் இழுக்கணும்.”

“நேர் பாதையில அணைஞ்சுதேம்மா?”

“ஆயில் கொஞ்சமா இருந்தா வளைவுல ஒரு பக்கமா ஒதுங்கிடும். அப்ப என்ஜின் வறண்டு ஓடும். அணைஞ்சா சரியாயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, இன்னும் முழுசா சாகலன்னு அர்த்தம். இப்ப கள்ளு வேற உள்ள போயிருக்கு. மொத்தத்தையும் வடிச்சுட்டுப் புதுசு ஊத்தற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது.”

இதையெல்லாம் நானே சொல்லவிருந்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

பெரியவர் லாரியிலிருந்து இறங்கி வந்தார். பின் சீட்டு ஜன்னலில் சிரித்துக்கொண்டிருந்த பன்றித் தலையை வெகு நேரம் பார்த்தார். கருவாட்டைப் பார்த்தார். என் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டு லாரிப் பக்கம் திரும்பினார். தே-உக், மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் நானே கெண்டியைக் கீழே வைத்துவிட்டேன். உன் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். ஜங்-இம் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு, கையில் அந்தக் கம்பியோடு அப்படியே நின்றாள்.

லாரிக் கதவில் கை வைத்தவர் திரும்பிக் கேட்டார்.

“ஒண்ணு மட்டும் தெரியணும். வண்டிய எடுக்கச் சொல்லி உங்க மகன் சொன்னானா?”

நான் ‘ஆமாம்’ என்று வாயெடுத்தேன். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்திவிட்டாள்.

“இல்லைங்க. பொய் சொல்லிக் குடும்பம் நடத்த வேணாம். விமானம் ஏறப் போறப்ப எம் புள்ள என்ன சொன்னான் தெரியுமா? ‘அம்மா, வண்டிய யார் கேட்டாலும் குடு, திருடன் கேட்டாலும் குடு, மாமா கேட்டா மட்டும் சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு’ன்னான். அழுதுகிட்டே சொன்னான். நான் அரிசிப் பானைக்குள்ள, அரிசிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். இவன் அரிசிய எல்லாம் வாரிக் கொட்டி எடுத்துட்டான்.”

பெரியவர் முகத்தில் ஏதோ அசைந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். தொப்பி குலுங்கியது. மனுஷன் சிரித்தார்! லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பன்றித் தலை தோற்கும்படி சிரித்தார்.

“ஆளுங்களத் தெரிஞ்சு வெச்சிருக்கான்” என்றார். “ஒரு கடலுக்கு அந்தப் பக்கம் போறதுக்கு முன்னாடியே இந்த ஆளு என்ன செய்வான்னு கண்டுபுடிச்சிருக்கான். புத்தியுள்ள பையன். என் பொண்ணு தெரியாமத்தான் புடிச்சிருக்காளோன்னு பயந்துகிட்டிருந்தேன். சம்பந்தியம்மா, அழாதீங்க. நாள் குறிப்போம்.”

நீ அப்படிச் சொன்னாயா, மருமகனே? மனசு கொஞ்சம் நொந்தது. ஆனால் யோசித்துப் பார். நான் அன்று வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போயிருந்தால், நீ புத்தியுள்ளவன் என்று அந்தப் பெரியவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? உன் கல்யாணத்தை முடித்து வைத்தது யார் என்று நான் என் வாயால் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டுக் கடைக்குப் போகவே இல்லை. லாரியில் கிடந்த பாயை விரித்து அங்கேயே விருந்து. பெரியவர் தம் கையால் பன்றியின் காதை அறுத்து உன் அம்மாவுக்கு முதலில் கொடுத்தார். கெண்டியில் மிச்சமிருந்த கள்ளை நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு மரியாதையாகக் குடித்தோம். பனிக்காலம் முடிந்து நீ வந்ததும் கல்யாணம். கடைசியில் பெரியவர், “இனி அந்த வண்டிச் சாவியத் தொட மாட்டேன்னு சொல்லுங்க, அது ஒண்ணுதான் நான் கேக்கற சீர்” என்றார். தொட்டால் நாள் குறித்ததும் இல்லை, பெண்ணும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் இரண்டு தடவை சொன்னார். நான் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தேன்.

ஜங்-இம் வண்டியை லாரியில் கட்டி இழுத்து வந்து நம் ஊர் ஒர்க்ஷாப்பில் விட்டாள். என்ஜின் பிழைத்துக்கொண்டதாம். நீ நிம்மதியாக வேலையைப் பார். தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் தலையை மூடிக்கொள், சேர்ந்தாற்போல் மூன்று நாளாவது என்னைப் பற்றி நல்லதாக நினை. நீயும் அந்தப் பெண்ணும் தலை நரைக்கும்வரை ஒரே தட்டில் சண்டை போட்டுச் சாப்பிட்டு வாழ வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

உன் கல்யாணத்தின் காரணகர்த்தா,
தாய்மாமன் ஓக் போங்-தால்

பி.கு.: இந்தக் கடிதத்தைப் போடத் தபால் நிலையத்துக்குக் கிளம்பினேன். வழியில்தான் ஒர்க்ஷாப். மெக்கானிக் நூடுல்ஸ் சாப்பிடப் போயிருந்தான், சாவி வண்டியிலேயே இருந்தது. அவனுக்கு எதற்கு வீண் அலைச்சல், நாமே வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவோம் என்று எடுத்தேன். சாவியை நான் தொட்டதாக ஆகாது. ஏற்கெனவே செருகியிருந்ததைத் திருப்பினேன், அவ்வளவுதான். வண்டிக்கு அடியில் ஒரு தகரம் நிறையக் கருப்பாக எண்ணெயை வடித்து வைத்திருந்தான். அசிங்கமாக இருந்ததால் ஓரமாகத் தள்ளி வைத்தேன். விளக்கு இப்போது முன்போல் சிமிட்டவில்லை. வளைவிலும் நேரிலும் ஒரே சீராக, ஆடாமல் அசையாமல் எரிந்தது. கோளாறு நிலைபெற்றுவிட்டது என்று மகிழ்ந்தேன். பாலம் தாண்டியதும் உள்ளே டமார் என்றது. அதன் பிறகு சத்தமே இல்லை. இதை பானெட் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன், கதகதப்பாக இருக்கிறது. தூரத்தில் ஒரு நீல லாரி வருகிறது. ஊரில் நீல லாரி எத்தனையோ. இதில் தொப்பி தெரிகிறது. நான் தலையைத் தூக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறவனை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். நின்றுவிட்டது. இறங்குகிறார். கல்யாணத்துக்கு அங்கே கோட்டு தைக்கக் கொடுத்திருந்தாயானால், கொஞ்சம் பொறுக்கச் சொல்.